நல்ல காரியத்துக்கும் அனுமதி வேண்டும்

பிள்ளைகளின் நன்மைக்காகச் செய்யப்படும் ஒரு வேலையைச் சட்டம் தடுக்குமா? அண்மைக் காலத்தில் தாய்மார் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. முன்பள்ளியில் இரண்டு ஆடு வளர்க்கிறோம், பாடசாலைத் தோட்டத்தில் கோழிக்கூடு வைத்திருக்கிறோம், இதற்கெல்லாம் பிரதேச சபையின் அனுமதி எதற்கு என்பது அவர்களது ஆதங்கம். ஆதங்கம் நியாயமானதே. ஆனால் விடை அத்தனை எளிதல்ல. இம்மாதம் ஒரு நிலையத்தின் அனுபவத்தை முன்வைத்து இந்த விடயத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வடபகுதிக் கரையோரக் கிராமம் ஒன்றில் தாய்மார் சங்கமொன்று விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான பகல்நேர நிலையத்தை நடத்தி வருகின்றது. அங்கு 14 பிள்ளைகள் உள்ளனர். பெருமூளை வாதத்தினால் நிமிர்ந்து உட்கார முடியாதவர்களும், ஓட்டிசம் காரணமாக எவருடனும் பேசாதிருப்பவர்களும் இவர்களுள் அடங்குவர். வெளிநாட்டில் வாழும் ஒருவர் தமது பூர்வீகக் காணியில் அரை ஏக்கரைப் "பிள்ளையளுக்குப் பாவியுங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிக் கொடுத்திருந்தார். வீதியில் கவனிப்பாரற்றுத் திரிந்த 2 கழுதைகளுக்கு உரிமை கோருவார் எவருமில்லை என்பதைக் கிராம அலுவலர் மூலம் உறுதி செய்துகொண்ட தாய்மார், அவற்றை அரச மிருக வைத்தியரிடம் காட்டிக் காயங்களுக்கு மருந்திட்டு, கிடுகு வேய்ந்த கொட்டிலொன்றில் கட்டினார்கள். வாரத்தில் மூன்று நாள், இயன்மருத்துவர் சொல்லிக் கொடுத்த முறைப்படி, பிள்ளைகளைக் கழுதையின் முதுகில் இருத்தி மெதுவாக நடத்தினார்கள்.

எட்டு மாதம் கழிந்தபின் பிரதேச சபையிலிருந்து கடிதம் வந்தது. அனுமதியின்றிக் கொட்டில் அமைக்கப்பட்டுள்ளது. காணி வேறு தேவைக்குப் பயன்படுத்தப்படுகின்றது. அயலவரின் முறைப்பாடு கிடைத்துள்ளது. எனவே இரண்டு வாரத்துக்குள் விலங்குகளை அகற்றவும் என்பது கடிதத்தின் சாரம். சங்கத் தலைவி அந்தக் கடிதத்துடன் என்னிடம் வந்தார்.

கழுதையால் பிள்ளைக்கு என்ன பயன்?

கடிதத்தைப் பற்றிப் பேசுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும். கழுதையில் பிள்ளையை ஏற்றுவது விளையாட்டு என்று நினைப்போர் பலர். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைகின்றது. இந்த அசைவு, மனிதர் நடக்கும்போது இடுப்பில் ஏற்படும் அசைவை ஒத்தது. கால் ஊன்றி நடக்க முடியாத பிள்ளையின் இடுப்பும் முதுகும் அந்த அசைவுக்கு ஈடுகொடுத்துத் தம்மைச் சரிசெய்து கொள்ள முயலும். சமநிலை பேணவும் உடம்பை நிமிர்த்தி வைத்திருக்கவும் இப்பயிற்சி உதவுகின்றது. அதனாலேயே பல நாடுகளில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் மேற்பார்வையில் இது நடைபெறுகின்றது.

இதற்கு உலகின் கவனத்தை ஈர்த்தவர் ஒரு பெண். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் என்ற குதிரையேற்ற வீராங்கனை 1944 இல் கர்ப்பிணியாக இருந்தபோது இளம்பிள்ளை வாதத்துக்கு உள்ளானார். முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்தன. பிறர் தூக்கி ஏற்றி இறக்கவேண்டிய நிலையிலும் பயிற்சியைத் தொடர்ந்து, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களுடன் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956 இலும் அதே பதக்கத்தைப் பெற்றார். அவரது வெற்றிக்குப் பின்னர் ஐரோப்பாவில் உடற்குறையுள்ளோருக்கான குதிரையேற்றப் பயிற்சி வேகமாகப் பரவியது.

குதிரைக்குப் பெருஞ்செலவாகும். சிறு பிள்ளைகளுக்குக் கழுதை போதும். கழுதை பொறுமையானது, உயரம் குறைந்தது, பிள்ளை பயப்படாது. இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்வென்ட்சன் என்ற பெண்மணி 1969 இல் தொடங்கிய கழுதைகள் காப்பகம் பிற்காலத்தில் இத்தகைய பிள்ளைகளுக்கான சேவைகளையும் நடத்தியது. 50 கிலோவுக்கு மேற்பட்ட எடையைக் கழுதையின் மீது ஏற்றலாகாது என்பது அங்கு பின்பற்றப்படும் அளவு. நமது மன்னாரிலும் புத்தளத்திலும் கழுதைகள் உண்டு. மன்னாரில் தன்னார்வ அமைப்பொன்று கழுதைகளுக்கான சிகிச்சை, கல்வி நிலையம் ஒன்றையும் உருவாக்கியது. நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் நிற்கின்றனவே, அவற்றைக் கொண்டு வரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்குள்ள குதிரைகளை எண்ணியபடி பிடித்து வர முடியாது.

வேலிக்கு அப்பால்

கடிதம் கிடைத்ததும் சங்கத்தினர் கோபமடைந்தனர். "வலது குறைஞ்ச பிள்ளையளைக் கண்டால் இவைக்குப் பொறுக்காது" என்று ஒரு தாய் சொன்னார். முறைப்பாடு செய்தவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த வளவில் வாழும், கணவனை இழந்த ஒரு பெண். நான் முதலில் அவரிடம் சென்றேன்.

"எனக்குப் பிள்ளையளோடை என்ன கோபம் தங்கச்சி?" என்றார் அவர். "என்ரை கிணத்தை வந்து பார். மகளுக்கு அஞ்சு மாசக் குழந்தை. பால்மா கரைக்கிறதும் இந்தத் தண்ணியிலைதான்."

வேலிக்கு இந்தப் பக்கம், அவரது கிணற்றிலிருந்து ஏழெட்டு அடி தூரத்தில், நிலையத்தின் எருக்குவியல் இருந்தது. கொட்டிலைக் கூட்டி அள்ளிய எருவை வெறும் மணலில் கொட்டி வந்திருக்கிறார்கள். மாரி மழையில் அது கரைந்து எங்கே போகும்? கரையோர மணற் பகுதிகளில் நன்னீர் நிலத்துக்குக் கீழே ஆழமில்லாமல் இருக்கின்றது. மேலே கொட்டப்படுவதை வடிகட்டித் தடுக்கக்கூடிய களிமண் படை அங்கு இல்லை. 450 கிலோ எடையுள்ள குதிரையொன்று நாளொன்றுக்குக் கழிக்கும் விட்டையும் சிறுநீரும் 20 கிலோவைத் தாண்டும். கழுதை சிறியது, அளவும் குறைவு. ஆயினும் இரண்டு கழுதைகள் எட்டு மாதம் நின்றால் சேரும் குவியல் சிறியதல்ல.

எருவிலிருந்து நைத்திரேற்று என்னும் உப்பு நிலத்தடி நீரில் கலக்கின்றது. குடிநீரில் இதன் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைத்திரேற்று நீங்காது. இதை அந்த வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. குழந்தைக்கு வேறு இடத்திலிருந்து நீர் எடுக்கும்படி அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தோம்.

கிணற்று நீர் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது. நைத்திரேற்று எல்லைக்குள் இருப்பதாகவும், மலக்கிருமிகள் காணப்படுவதாகவும் அறிக்கை வந்தது. அக்கிருமிகள் எருக்குவியலிலிருந்து வந்தனவா, அருகில் இருந்த மலசலகூடக் குழியிலிருந்து வந்தனவா என்று அறிக்கை சொல்லவில்லை. ஆகவே இரு தரப்பினரும் அதை வைத்து வாதாட முடியவில்லை. இரு தரப்பினரும் குழிகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது மட்டும் நன்மையாயிற்று.

காணிப் பயன்பாட்டு விதிகள் எதற்காக இருக்கின்றன என்பதை அந்தக் கிணறு விளக்குகின்றது. காணிக்கு எல்லை உண்டு, வேலி உண்டு. நீருக்கும் மணத்துக்கும் இலையானுக்கும் சத்தத்துக்கும் வேலி இல்லை. ஒருவர் தமது காணியில் செய்வது அடுத்தவரின் வளவுக்குள் போகாமல் பார்ப்பதே இந்த விதிகளின் அடிப்படை. சமூகவியல் படித்த காலத்தில் சட்டத்தை அதிகாரத்தின் கருவியாக மட்டும் பார்க்கப் பழகிய எங்களுக்கு, வெளிக்களத்தில் அதன் மறுபக்கமும் தெரிகின்றது. அந்த விதவைப் பெண்ணிடம் பணம் இல்லை, ஆள்பலம் இல்லை. அவரிடம் இருந்தது அந்த விதி ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கின்றது?

"கழுதை கால்நடைதானே, கால்நடை வளர்ப்பு விவசாயந்தானே, விவசாயத்துக்கு அனுமதி எதற்கு?" என்று சங்கத்தினர் கேட்டனர். பலரும் இப்படியே விளங்கிக் கொண்டுள்ளனர்.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின்படி, அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அபிவிருத்தி வேலை எதற்கும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். கட்டடம் கட்டுவது மட்டுமே அபிவிருத்தி வேலை என்று எண்ணக் கூடாது. காணியை இதுவரை பயன்படுத்திய தேவைக்குப் பதிலாக இன்னொரு தேவைக்குப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும். விவசாயத்துக்கும் தோட்டச் செய்கைக்கும் அதில் விலக்கு உண்டு. வீட்டு வளவில், வீட்டு வாழ்க்கையோடு ஒட்டிய தேவைகளுக்கும் விலக்கு உண்டு.

ஆகவே உங்கள் வீட்டு வளவில் ஓர் ஆட்டைக் கட்டி வைத்தால் அது இந்தச் சட்டத்தின் கீழ் பயன்பாட்டு மாற்றம் ஆகாது. சுகாதார விதிகளும் சபையின் உபவிதிகளும் அதற்குப் பொருந்தலாம், அது வேறு விடயம். ஆனால் 14 பிள்ளைகளை வெளியிலிருந்து அழைத்துவந்து பயிற்சி கொடுக்கும் நிலையம் வீடு அல்ல. பிள்ளையை ஏற்றி நடத்துவதற்காக வைத்திருக்கும் கழுதை பயிர்ச்செய்கைக்கு உரியதும் அல்ல. இரண்டு விலக்குகளும் பொருந்தாது போகின்றன. விலங்கு ஒன்றுதான், அது எதற்காக நிற்கின்றது என்பதை வைத்தே காணியின் பயன்பாடு தீர்மானிக்கப்படுகின்றது.

இந்தச் சட்டத்தின் கீழான திட்டமிடல் ஒழுங்குவிதிகள் 1986 இல் வெளியிடப்பட்டு, 2021 இல் புதிதாக்கப்பட்டுள்ளன. பழைய பிரதியை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். உங்கள் கிராமம் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வருகின்றதா என்பதைச் சபையில் முதலில் கேளுங்கள். வராவிட்டாலும் பொறுப்பு நீங்கிவிடாது. கட்டடங்களுக்கு உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. கிடுகுக் கொட்டில்தானே, தற்காலிகந்தானே என்று நாமே விலக்களித்துக் கொள்ளாமல் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டு அறிவதே பாதுகாப்பானது.

நான்கு கேள்விகள்

ஒரு விலங்கை நிலையத்துக்கோ பாடசாலைக்கோ கொண்டு வருமுன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுமாறு நான் சங்கங்களுக்குச் சொல்வதுண்டு.

முதலாவது, காணி யாருடையது? தனியார் காணியாயின் உறுதியைப் பாருங்கள். வாய்ச்சொல் போதாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் செல்லாது என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் உள்ள சட்டம். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அற்றோணித் தத்துவம் தேவைப்படும். அரச காணி அனுமதிப்பத்திரமாயின், அது எந்தத் தேவைக்காக வழங்கப்பட்டது என்ற நிபந்தனையை வாசித்துப் பிரதேச செயலாளரிடம் கேளுங்கள். பாடசாலைக் காணியாயின் அதிபரின் சம்மதம் மட்டும் போதும் என்று எண்ணாமல், வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்துமூல இணக்கத்தையும் பெறுங்கள்.

இரண்டாவது, அந்தக் காணிக்கென்று வேறு சட்டம் உண்டா? வயற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்தவோ நிரப்பவோ, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விண்ணப்பம் தொடங்குமிடம் உங்கள் கமநல சேவை நிலையம். கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குட்பட்ட பகுதி கரையோர வலயம். அங்கு கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தையும் கேட்கவேண்டும்.

மூன்றாவது, என்ன கட்டப் போகிறோம்? கொட்டில், தீவனக் களஞ்சியம், சுற்றுமதில், சக்கர நாற்காலி செல்லும் பாதை யாவற்றையும் ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். நில அளவைப் படத்தை இணையுங்கள். வேலை முடிந்தபின் அமைவுச் சான்றிதழ் பெறும் வரை விடயம் முடிவதில்லை. பலர் அனுமதியைப் பெற்று, கட்டி முடித்து, இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகின்றனர்.

நான்காவது, வேலிக்கு அப்பால் என்ன போகின்றது? எரு எங்கே சேரும், எத்தனை நாளுக்கொருமுறை அகற்றப்படும், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், கிணறுகள் எங்கே உள்ளன? எருக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பது மண்ணையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, இடத்தைக் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். மிருக வைத்தியரிடம் விசர்நோய்த் தடுப்பூசி, குடற்புழு மருந்து, குளம்பு வெட்டும் தவணை என்பவற்றை எழுதி வாங்குங்கள். மென்மணலில் நிற்கும் கழுதையின் குளம்பு தேயாமல் வளரும். ஆறு தொடக்கம் எட்டு வாரத்துக்கொரு முறை அதை வெட்டாவிட்டால் கழுதை நொண்டும், மேலே இருக்கும் பிள்ளை விழும். கழுதை, குதிரை எருவில் ஏற்புவலிக் கிருமி இருக்கக் கூடும். பிள்ளைகளினதும் பராமரிப்போரினதும் தடுப்பூசி அட்டைகளைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். பெரிய விடுதிக்கு விரைவில் கிடைக்கும் அனுமதி சிறு சங்கத்துக்குத் தாமதமாகின்றது என்ற குறை பல இடங்களில் உண்டு. அந்தக் குறையைச் சந்தையடியில் பேசுவதை விட, விண்ணப்ப இலக்கத்துடன் எழுத்தில் கேட்பது பலன் தரும்.

ஒரே நகரம், இரண்டு கொட்டில்கள்

காணிக்கு எழுத்து இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் நல்ல உதாரணம். குதிரைகளைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் இரண்டு முயற்சிகள் அங்கே உள்ளன.

ஒன்று, பிளெச்சர் வீதிக் குதிரையேற்றக் கழகம். கறுப்பின மக்கள் வாழும் வறிய பகுதியில், பல தலைமுறைகளாகக் குதிரை வளர்க்கும் மரபிலிருந்து எழுந்தது. தெருவில் சீரழியக்கூடிய சிறுவர்கள் பாடசாலை விட்டதும் அங்கு வந்து குதிரைகளைப் பராமரித்தனர். ஆனால் குதிரைகள் மேய்ந்தது அயலில் கிடந்த வெற்றுக் காணியில். 2008 இல் நகர நிர்வாகம் அங்கிருந்த கொட்டில்களை இடித்தது. பின்னர் மேய்ச்சல் நிலமும் முதியோருக்கான வீடமைப்புக்கென ஒதுக்கப்பட்டது. முதியோருக்கு வீடு வேண்டாம் என்று எவர் சொல்ல முடியும்? அந்த மக்களின் கதை திரைப்படமாகி உலகமெங்கும் பார்க்கப்பட்டது. அந்தப் புகழால் காணியைக் காப்பாற்ற முடியவில்லை.

மற்றது, 1994 இல் லெஸ்லி ஹைனர் என்ற பெண்மணி தொடங்கிய "வேர்க் டு ரைட்". இதுவும் வறிய பிள்ளைகளுக்கானதே. பாடசாலைக்கு ஒழுங்காகப் போனால்தான் குதிரையைத் தொடலாம் என்பது அங்குள்ள நிபந்தனை. நகரத்துக்குச் சொந்தமான பூங்காவிலுள்ள குதிரைக் கொட்டிலில், நகர நிர்வாகத்துடனான ஏற்பாட்டின்படி அது நடைபெறுகின்றது. அங்கு வளர்ந்த பிள்ளைகள் 2011 இல் பாடசாலைகளுக்கிடையிலான தேசிய போலோ போட்டியில் வெற்றி பெற்றனர். முழுவதும் கறுப்பினப் பிள்ளைகளைக் கொண்ட அணியொன்று அப்போட்டியை வென்றது அதுவே முதல் தடவை.

இரு இடத்திலும் அன்பு இருந்தது, உழைப்பும் இருந்தது. காலூன்றி நிற்க ஓர் இடத்துக்கு மட்டும்தான் உரித்து இருந்தது. வறியவர்களின் நற்காரியங்கள் எப்போதும் இரவல் நிலத்திலேயே தொடங்குகின்றன. காணியின் விலை ஏறும்போது முதலில் அகற்றப்படுபவையும் அவையே. எங்கள் பகுதிகளில் வீதிகள் அகலமாகின்றன, வெளிநாட்டிலிருந்து காணி வாங்குவோர் வருகின்றனர். இங்கும் அது நடக்கும்.

பின்னர் நடந்தது

சங்கத்தினர் சபைத் தவிசாளரிடம் முறையிடப் போவதை ஒத்தி வைத்துவிட்டு, முதலில் அயற்பெண்ணிடம் போனார்கள். எருக்குவியலை அன்றே அள்ளினார்கள். பரிசோதகரின் ஆலோசனைப்படி கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டார்கள். கழுதைகளை உறுப்பினர் ஒருவரின் வீட்டு வளவுக்கு மாற்றினார்கள். அதன்பின் சபைக்கு எழுதி, விண்ணப்பிக்கக் கால அவகாசம் கேட்டார்கள். அவகாசம் கிடைத்தது.

காணி விடயந்தான் சிக்கலாயிற்று. தொலைபேசியில் காணியைக் கொடுத்தவருக்கு அதில் இருந்தது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. ஊரில் வாழும் அவரது தமக்கையும் பங்காளி. "தம்பி அங்கையிருந்து குடுப்பான். நாளைக்கு என்ரை பேத்திக்குச் சீதனம் குடுக்க நான் எங்கை போறது?" என்று அவர் கேட்டதிலும் பிழையில்லை. நான்கு முறை பேசிய பின்னர் 5 வருடக் குத்தகைக்கு இருவரும் கையொப்பமிட்டனர். அதற்கு மேல் தமக்கை சம்மதிக்கவில்லை.

மூன்றரை மாதத்துக்குப் பின் அனுமதி கிடைத்தது. இரண்டு கழுதைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, காலை வேளையில் மட்டும் பயிற்சி, கொட்டில் கிணறுகள் இல்லாத மறுபக்கத்தில், சீமெந்து இட்ட தரை, மூடிய எருக்குழி, வாரம் ஒருமுறை எரு அகற்றல் என்பன நிபந்தனைகள். எருவைத் தோட்டக்காரர் ஒருவர் தாமே வந்து ஏற்றிச் செல்கின்றார்.

அந்த மூன்றரை மாதமும் பயிற்சி நடைபெறவில்லை. எட்டு மாதப் பயிற்சியில் தாங்கலின்றி உட்காரத் தொடங்கியிருந்த 7 வயதுச் சிறுவன் ஒருவன் மீண்டும் சரியத் தொடங்கினான். "ஒவ்வொரு நாளும் அந்த வெறுங் கொட்டிலைக் காட்டிக் காட்டி அழுவான். நான் என்னெண்டு அவனுக்குப் பிரதேச சபையை விளங்கப்படுத்துறது?" என்றார் அவனது தாய். தொடக்கத்திலேயே அனுமதி கேட்கப்பட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்த மாதங்கள் வீணாகியிரா. அனுமதி பெறுதல் வெறும் காகித வேலை என்று சொல்வோருக்கு நான் சொல்வது இதைத்தான். காகிதம் பிந்தினால் நட்டம் பிள்ளையின் முதுகெலும்புக்கு.

இலங்கையில் 1996 ஆம் ஆண்டிலிருந்து உடற்குறையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் உள்ளது. 2016 இல் ஐ.நா. சமவாயத்தையும் அரசு ஏற்று உறுதிப்படுத்தியது. இப்பிள்ளைகளுக்குச் சேவை கிடைப்பது தயவு அல்ல, உரிமை. அந்த உரிமையைக் கேட்டுச் சபையின் படியேறும் தாய், அடுத்த வீட்டுக் குழந்தையின் தண்ணீருக்கும் பொறுப்புச் சொல்லிக்கொண்டு ஏறினால் அவரது குரல் இன்னும் உரத்துக் கேட்கும்.

உங்கள் சங்கமும் இத்தகைய முயற்சியொன்றை எண்ணியிருந்தால், விலங்கைத் தேடுமுன் ஒரு கொப்பியை வாங்குங்கள். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சங்கத்தின் பதிவுப் பிரதி, பரிசோதகரின் குறிப்பு, மிருக வைத்தியரின் அட்டை, சபைக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதி ஆகியவற்றைத் திகதிவாரியாக ஒட்டி வையுங்கள். கொப்பி தலைவியின் வீட்டில் அல்ல, நிலையத்தில் இருக்கட்டும். தலைவிகள் மாறுவார்கள், பிள்ளைகள் தொடர்ந்து வருவார்கள்.